அம்மன் பெயரில் நான்கு கோப்புகள்

என் மாப்பிள்ளை வேலை செய்யும் தொழிற்சாலையின் மருத்துவக் காப்பீட்டில் முன்பு ஒரு பக்கம் உண்டு. எவற்றுக்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்லும் பக்கம். மூக்கை அழகுபடுத்திக்கொள்வது, பாராசூட்டில் குதித்துக் காலை முறித்துக்கொள்வது, போதையில் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வது ஆகியவற்றோடு குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுப்பதும் அங்கே இருந்தது. பிள்ளை வேண்டும் என்று நினைப்பதும் ஒரு சாகச விளையாட்டு என்பது அவர்கள் தீர்மானம். செஞ்சியில் கல்யாணமாகி இரண்டு வருடம் கழிந்தும் வெறும் வயிற்றோடு தெருவில் நடந்து பார்த்த எந்தப் பெண்ணும் அதை மறுக்கமாட்டாள்.

போன முறை காப்பீட்டைப் புதுப்பித்தபோது அந்த வரியை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே புது விதிகளை எனக்கு அனுப்பிவைத்தார். இரண்டு வீட்டிலும் ஒரு பக்கத்துக்கு மேல் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். நான் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் அனுப்பும் பில்லில் என்ன குறை என்று பார்ப்பதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. இப்போது அதையே சம்பளம் இல்லாமல் சம்பந்தி வீட்டில் செய்கிறேன் என்பது என் மகளின் குற்றச்சாட்டு.

'கருத்தரிப்பு சிகிச்சை சேர்க்கப்பட்டுள்ளது' என்று படித்தவுடன் மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அடுத்த 'எனினும்' எங்கே வருகிறது என்று தேடித்தான் பழக்கம். அது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கருமுட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைக்கும் ஐ.வி.எஃப் சிகிச்சைக்குப் பணம் தருவார்களாம். எனினும் அதைவிட எளிய சிகிச்சைகளை முன்பே செய்து பார்த்துப் பலிக்கவில்லை என்பதற்கு மருத்துவரின் ஆவணம் வேண்டும். சிகிச்சை தொடங்கும் முன்பே அனுமதியும் வாங்க வேண்டும். எழுதியவர் யாரோ, தொழில் தெரிந்தவர். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அவசரம் எங்களுக்குத்தான். புதுச்சேரி மருத்துவமனையில் என் மகளைப் பரிசோதித்த டாக்டர், கருமுட்டை இருப்பு வேகமாகக் குறைகிறது, அடுத்த மாதவிலக்கின் இரண்டாம் நாளே ஊசியைத் தொடங்கிவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இருப்பு குறைந்தால் என்ன ஆகும் என்று கருவூலத்தில் இருந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாதவிலக்குக்கு இரண்டு வாரம்கூட இல்லை. காப்பீடு இல்லாமல் அந்தச் சிகிச்சையை எடுக்கும் வசதி இரண்டு வீட்டுக்கும் கிடையாது.

உடனே மகளுக்கு போன் செய்தேன். விழுப்புரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் அவள் மூன்று முறை ஐ.யு.ஐ செய்துகொண்டவள். கணவனின் விந்தணுவைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்தும் எளிய சிகிச்சை அது. மூன்றும் பலிக்கவில்லை.

"தோத்ததுக்கு சர்டிபிகேட் கேக்கறாங்கடி. மூணு தடவையும் நல்லாத்தான் தோத்திருக்கோம். அந்த ஃபைல எடுத்து வை, வரேன்."

 "அத்தைய கேளும்மா" என்றாள்.

சம்பந்தியம்மா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என் மகள்மீது உயிரையே வைத்திருப்பவள். ஆனால் காகிதம் விஷயத்தில் நாங்கள் இருவரும் எதிரெதிர்க் கட்சி. எனக்கு 1980களின் மின்சார ரசீதைக்கூடத் தூக்கிப்போட மனம் வராது. அவளுக்கு வீட்டில் எழுதிய தாள் இருந்தாலே மூச்சு முட்டும்.

நேரில் போய்க் கேட்டதும், "ஃபைலா? அது போகிக்கே கொளுத்தியாச்சே" என்றாள்.

"இன்னாது?"

"மூணு வாட்டி போயி மூணு வாட்டியும் நிக்கல. ராசியில்லாத ஃபைலு. அத ஊட்ல வெச்சிக்கினு இன்னா பண்ண சொல்றீங்க? பழைய பாயோட போட்டு கொளுத்திட்டேன். நல்லா எரிஞ்சிது."

"சரி, போகட்டும். கிளினிக்ல நகல் இருக்கும். பேர சொன்னா எடுத்துக் கொடுப்பாங்க."

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் இன்னொரு குறை இருக்கிறது என்று அர்த்தம். ஆபீசில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"பேருதாம்மா..." என்றாள் மகள்.

விழுப்புரம் கிளினிக்கில் ஒரு பெரிய ஹால். நர்ஸ் வாசலில் நின்று பெயரை உரக்கக் கூப்பிடுவாள். மாவட்டத்துப் பெண்கள் பாதிப்பேர் அந்த ஹாலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். செஞ்சிக்காரி யாராவது ஒருத்தி காதில் விழுந்தால் போதும், நாம் வீடு திரும்புவதற்குள் சேதி திரும்பிவிடும். அதனால் முதல் நாளே சம்பந்தியம்மா ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள். மேல்மலையனூர் அம்மனின் பெயரைக் கொடுத்துவிடலாம். சாமி பெயர் என்பதால் பொய் சொன்ன பாவமும் வராது, கூப்பிடும்போதெல்லாம் அம்மனைக் கும்பிட்ட மாதிரியும் ஆகும். கணவன் பெயரையும் போன் நம்பரையும்கூட வாய்க்கு வந்தபடி கொடுத்திருக்கிறார்கள். கையிலிருந்து பணம் கட்டுகிறவரிடம் யாரும் ஆதார் கேட்பதில்லை. காப்பீடு வந்த பிறகுதான் மனிதர்களுக்குச் சொந்தப் பெயர் தேவைப்படுகிறது.

அதோடும் விடவில்லை. கிளினிக்குக்குப் போகும் நாளெல்லாம் தெருவில் கேட்பவர்களிடம் மலையனூர் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் அக்கம்பக்கத்துக்குக் குங்குமம் கொடுக்க வேண்டுமே. சம்பந்தியம்மா ஒரு அமாவாசை அன்று உண்மையாகவே கோயிலுக்குப் போய், கூட்டத்தில் நசுங்கி, ஒரு வருடத்துக்கு வேண்டிய குங்குமப் பொட்டலங்களை வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டாள். இவ்வளவு திட்டமிட்டுச் செயல்படத் தெரிந்த ஒருத்தி எங்கள் ஆபீசில் இருந்திருந்தால் ஆடிட்டர்கள் எங்களிடம் வந்திருக்கவே மாட்டார்கள்.

"எனக்குகூட சொல்லலியேடி" என்றேன் மகளிடம்.

"சொன்னா நீ கெசட்ல போட்டு பேர மாத்திட்டுதான் ஆஸ்பத்திரிக்கே போகணும்னு சொல்லுவ" என்றாள் அவள்.

மறுநாள் மூவரும் விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். சம்பந்தி வீட்டுக்கு எதிரே மாவு மில். தெருவின் அரிசியும் தெருவின் சேதியும் அரைபடும் இடம். மில்லுக்காரி தலையெல்லாம் வெள்ளையாக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சம்பந்தியம்மா உலகத்தில் அஞ்சும் ஒரே ஆள் அவள்தான்.

"இன்னாக்கா, மலையனூரா? அமாவாசை இன்னும் வரலியே" என்றாள்.

"சும்மா, ஒரு வேண்டுதல்."

"ஆபீசரம்மாவும் வராங்க? பெரிய வேண்டுதலாத்தான் இருக்கும். எனக்கு குங்குமம் மறந்துடாத."

பஸ் ஸ்டாண்டில் மலையனூர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் விழுப்புரம் பஸ்ஸில் ஏற வேண்டும் என்றாள் சம்பந்தியம்மா. அதுதான் முறையாம். நின்றோம். ஆட்டுச் சந்தை நாள். மூட்டையும் ஆடுமாக நாலைந்து பேர் எங்கள் புடவையை மிதித்துக்கொண்டு போனார்கள். முறை என்று எதைச் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிடும்.

கிளினிக்கில் வரவேற்பு மேசைப் பெண் பெயரைக் கேட்டாள். மகள் அம்மன் பெயரைச் சொன்னாள்.

"ஊரு?"

"செஞ்சி."

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு கட்டோடு வந்தாள். "இந்தப் பேருல செஞ்சிலேர்ந்து நாலு ஃபைல் இருக்குதுக்கா. நீங்க எந்த ஃபைலு?"

சம்பந்தியம்மா முகத்தில் அப்போது தெரிந்தது அதிர்ச்சியா கோபமா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. தன் சொந்த யோசனை என்று நினைத்திருந்தாள் பாவம். செஞ்சியில் இன்னும் மூன்று பேருக்கு அதே யோசனை வந்திருக்கிறது.

டாக்டர் வயதான அம்மா. எங்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க மிகவும் முயன்றார். "திருவண்ணாமலைக்காரங்க வேற பேரு சொல்லுவாங்க, செஞ்சின்னா இந்த அம்மன்தான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவங்களுக்கு மூணு தடவை செஞ்சேன்னு எனக்கு ஞாபகம் இருக்குற மாதிரிதான் இருக்கு. ஆனா மாதிரிய வெச்சு கையெழுத்து போட முடியாது. நாளைக்கு இன்சூரன்ஸ்காரங்க என்னைத்தான் கேப்பாங்க" என்றார்.

வாழ்நாளில் இப்படிப் பேசும் ஒருவரைச் சந்திக்கும்போதெல்லாம் நான் மகிழ்ந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் முடியவில்லை. மகள் என் கையைப் பிடித்திருந்தாள்.  நான்கு பேருக்கும் வயது ஏறக்குறைய ஒன்று. நான்கு கணவர்களுக்கும் முருகனின் பெயர்களில் ஒவ்வொன்று. மகளுக்குத் தாங்கள் எந்த முருகனைக் கொடுத்தோம் என்பது மறந்துவிட்டது. அவள் அத்தைக்கும் மறந்துவிட்டது. பொய்யைச் சொல்பவர்கள் அதை எங்காவது குறித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து.

மனிதர்கள் பெயரை மாற்றிக்கொள்வார்கள், உடம்பை மாற்றிக்கொள்ள முடியாது. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதி வாங்கிய ஊர் இது. டாக்டரிடம் கேட்டேன்: "முதல் நாள் பரிசோதிச்சப்ப பழைய ஆபரேஷன் ஏதாவது இருக்குதான்னு பாத்து எழுதியிருப்பீங்களே, டாக்டர்?"

அவர் நான்கையும் புரட்டினார். ஒன்றில் நின்றார். "சின்ன வயசுல அப்பெண்டிக்ஸ். வலது பக்கம் தழும்பு. கொஞ்சம் கோணலா இருக்குன்னு எழுதியிருக்கேன். ரத்தம் ஏபி நெகட்டிவ்."

கைப்பையைத் திறந்தேன். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அரசு மருத்துவமனையில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் செய்தபின் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு உள்ளே இருந்தது. சொந்தப் பெயர், தகப்பன் பெயர், ரத்த வகை எல்லாம் அதில் உண்டு. முதல் நாள் இரவே அவள் பெயரில் இருந்த அத்தனை மருத்துவக் காகிதங்களையும் எடுத்துவந்திருந்தேன். சின்னம்மை வந்தபோது எழுதிய மாத்திரைச் சீட்டுகூட இருந்தது.

"இதையெல்லாமா வெச்சிருக்கீங்க?" என்றாள் சம்பந்தியம்மா. குரலில் பயமும் இருந்தது, பக்தியும் இருந்தது.

டாக்டர் மகளை உள்ளே அழைத்துப்போய்த் தழும்பைப் பார்த்துவிட்டு வந்தார். கோணல்தான். செய்த சர்ஜனை அன்றைக்கு எவ்வளவு திட்டினேன்! இன்றைக்கு அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். கோப்பின் நகலும் கடிதமும் கிடைத்தன. ஆனால் டாக்டர் கவனமாகத்தான் எழுதியிருந்தார்: இந்தப் பெயரில் சிகிச்சை பெற்றவரின் தழும்பும் ரத்த வகையும் இவருக்குப் பொருந்துகின்றன. பெயர் ஏன் வேறு என்பதற்கு நோட்டரி முன்பு உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அவரும் இவரும் ஒருவரே என்ற பத்திரம். இனிஷியல் மாறியவர்களுக்காக அப்படி எத்தனையோ பத்திரங்களை நான் வாங்கிக் கோப்பில் சேர்த்ததுண்டு. அம்மனும் என் மகளும் ஒருவரே என்று ஒன்று எழுத வேண்டிவரும் என நினைக்கவில்லை.

செஞ்சி கோர்ட்டு வாசலில் எனக்குத் தெரிந்த நோட்டரி வக்கீல் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"வேற பேரு குடுத்ததுக்கு காரணம் இன்னான்னு போடறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா சொன்னாள்: "ஊர் வாய்க்கு பயந்துகினுன்னு எழுதுங்க."

"அப்படிலாம் எழுத முடியாதும்மா."

"அதாங்க காரணம். வேற இன்னா காரணம்? எம்மருமகளுக்கு எதுவும் குறையில்ல. வாய்தான் காரணம்."

வக்கீல் என்னைப் பார்த்தார். "சமூகக் காரணங்களால் என்று போடுங்கள்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. நம் ஊரில் எந்த வேதனைக்கும் கோப்பில் ஒரு கௌரவமான பெயர் உண்டு.

"சாட்சி ஒருத்தர் வேணும்" என்றார். "சொந்தக்காரங்க வேணாம், இன்சூரன்ஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. அந்த கிளினிக்குக்கு போனது இவங்கதான்னு நேர்ல தெரிஞ்ச வெளி ஆளு."

அங்கேதான் எல்லாம் நின்றது. யாருக்கும் தெரியக்கூடாது என்று இரண்டு வருடம் பாடுபட்டு, அதில் முழு வெற்றியும் பெற்றிருந்தார்கள். தெரிந்த வெளியாளுக்கு எங்கே போவது?  மகள் பஸ் ஸ்டாண்டு அருகே நின்று, "விடும்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த மாதம் என்று அவள் சொல்லிக் கேட்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை அவள் எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

தெருவுக்குள் நுழைந்ததும் மில்லுக்காரி கையை நீட்டினாள். "எங்கக்கா குங்குமம்?"

சம்பந்தியம்மா நின்றாள். எப்போதும் பையில் ஒரு பொட்டலம் இருக்கும், அன்றும் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தெருவென்றும் பார்க்காமல் சொன்னாள்:

"குங்குமம் இல்லடி. நாங்க மலையனூர் போவல. இம்மாம் நாளும் போவல. விழுப்புரத்துக்கு, பிள்ளைக்கு வைத்தியம் பாக்க போனோம். இப்ப இன்சூரன்ஸ்ல காசு தராங்க, அதுக்கு சாட்சி கேக்கறாங்க. பாத்தவங்க யாருமில்ல. போ, போய் ஊரெல்லாம் சொல்லிக்கோ."

மில்லுக்காரி கையிலிருந்த மாவைத் தட்டினாள். "எங்க கையெழுத்து போடணும்?"

"இன்னா?"

"நான் பாத்தேனே. ரெண்டு மூணு வாட்டி. நீ தூணுக்கு அந்தாண்ட தலையில முக்காடு போட்டுக்கினு குந்தியிருந்த. நான் இந்தாண்ட குந்தியிருந்தேன், எம்பொண்ண கூட்டிக்கினு. நர்சு பேர கூப்டுச்சு, ஒம்மருமகளும் எழுந்தா, எம்பொண்ணும் எழுந்தா. உங்க கண்ணுல படக்கூடாதுன்னு நான்தான் அவ கைய புடிச்சு குந்த வெச்சேன்."

"அப்புறம் எப்டிடி வாய் கூசாம குங்குமம் கேட்ட?"

"நீ வாய் கூசாம குடுத்தியே! கேக்கலன்னா எனக்கு தெரிஞ்சிபோச்சுன்னு நீ நெனப்ப இல்ல? அதான் வாங்கி வாங்கி வெச்சேன். டப்பா ரொம்பிப் போச்சு."

சம்பந்தியம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே மில் வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். ஊர் வாய் என்று இவர்கள் இத்தனை நாள் பயந்தது இந்த ஒரு வாய்க்குத்தான். அது இரண்டு வருடமாக மூடியே இருந்திருக்கிறது.

மில்லை அப்படியே விட்டுவிட்டு மாவு படிந்த புடவையோடு எங்களுடன் கோர்ட்டு வாசலுக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். சொந்தப் பெயரில், முழு முகவரியோடு. ஆதார் நகலில் அவள் விரல் பட்ட இடத்தில் மாவுத் தடம் இருந்தது. துடைத்துவிட்டு ஸ்கேன் செய்தேன்.

எல்லாவற்றையும் மருத்துவமனைக் காப்பீட்டு மேசை மூலம் அனுப்பினோம். அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் தகப்பன் பெயரின் இனிஷியல், ஆதாரில் கணவன் பெயரின் இனிஷியல், இரண்டும் ஒருவரே என்பதற்கு என்ன ஆதாரம்? திருமணப் பதிவுச் சான்றிதழை அதே மணி நேரத்தில் அனுப்பினேன். அந்தக் கேள்வி வராமல் போயிருந்தால்தான் எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். இரண்டாம் நாள் பிற்பகல் மாப்பிள்ளைக்குச் செய்தி வந்தது. அவர் தொழிற்சாலைக்குள்ளிருந்து போன் செய்தார். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன. "அத்த, அப்ரூவ்டுன்னு வந்துட்டுது" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு நான் வெகுநேரம் பகலிலேயே தூங்கினேன். ஓய்வு பெற்ற நாளில்கூட அப்படித் தூங்கவில்லை.

புதுச்சேரி மருத்துவமனையில் முதல் ஊசி. அங்கேயும் ஒரு ஹால், அங்கேயும் வாசலில் நின்று கூப்பிடும் நர்ஸ். அவள் என் மகளின் பெயரை, நானும் அவள் தகப்பனும் வைத்த பெயரை, இனிஷியலோடு உரக்கக் கூப்பிட்டாள். மகள் ஒரு நொடி உட்கார்ந்தே இருந்தாள். வேறொரு பெயருக்குக் காத்திருந்து பழகிவிட்டது. "உன்னத்தாண்டி" என்று சம்பந்தியம்மா முழங்கையால் இடித்தாள், ஹாலே திரும்பிப் பார்க்கும் குரலில். மகள் எழுந்து போனாள்.

மில்லுக்காரி மகளுக்குக் கம்பெனிக் காப்பீடு எதுவும் இல்லை. அவள் கணவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். சேர்க்கப்பட்டுள்ளது என்ற வார்த்தை அவன் வரைக்கும் இன்னும் வரவில்லை. சென்னையில் அரசு மருத்துவமனையிலேயே இந்தச் சிகிச்சை தருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தேன். அங்கே முதலில் கேட்பது முந்தைய சிகிச்சையின் விவரத்தைத்தான். இரண்டாம் கோப்பைத் தேடி விழுப்புரம் போனோம். அந்தப் பெண்ணுக்குத் தழும்பு எதுவும் இல்லை. ஆனால் அவள் கொடுத்த போன் நம்பர் உண்மையானது. மில்லுக்காரி அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

போன வாரம் மறுபடி கோர்ட்டு வாசலில் நின்றோம். இந்த முறை, கிளினிக்கில் அந்த நம்பர் பொருந்தியதைக் கூடவே நின்று பார்த்த சம்பந்தியம்மாதான் சாட்சி. வக்கீல் எங்களைப் பார்த்ததும் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மறுபடியும் சமூகக் காரணமா?"

"அதே காரணம்தான்" என்றாள் சம்பந்தியம்மா. "சீக்கிரம் அடிங்க. எம்மருமக அஞ்சாம் மாசம், ஊட்ல தனியா இருக்கா."

வரிசையில் நின்ற நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சரியாகக் கேட்காதவர்களுக்காக அவள் இன்னொரு முறை சொன்னாள்.